வால் பிரிந்த ஆங்கில வாக்கியங்கள்: கேள்வி பதில்

ஆங்கில வாக்கியத்தின் துண்டுகள் இடம் மாறுவது பற்றி டெல்டாப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நான் எழுதும் பதில்கள்.

மன்னார்குடி மாணவி: 'தி நியூஸ் தட் மேட்டூர் டேம் வாஸ் ஓப்பன் கேம்' என்று எழுதினேன். ஆசிரியர் 'கேம்' என்பதை 'நியூஸ்' பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஏன் ஐயா?

பதில்: இலக்கணப் பிழை இல்லை, அம்மா. பாரம்தான் இடம் தவறி இருக்கிறது. நீண்ட எழுவாய்க்குப் பின் 'கேம்' ஒற்றையாக நிற்பதை ஆங்கிலக் காது விரும்பாது. ஆகவே 'தட்' பகுதியைக் கழற்றிக் கடைசிக்கு அனுப்புகிறார்கள்: 'தி நியூஸ் கேம் தட் மேட்டூர் டேம் வாஸ் ஓப்பன்'. பிரிந்தாலும் அது 'நியூஸ்' என்ற சொல்லுக்கே உரியது. வேறு எதனுடனும் ஒட்டாது. நமக்கோ வினை கடைசியில் வருவதே இயல்பு. அதனால்தான் உங்களுக்கு முதல் வாக்கியம் உறுத்தவில்லை.

பாபநாசம் வாசகர்: அப்படியானால் 'எ பம்ப் வாஸ் டெலிவர்டு டு தி ஹவுஸ் தட் லீக்டு' சரியா?

பதில்: ஒழுகியது பம்பா, வீடா? படிப்பவர் வீடு என்றே எடுத்துக்கொள்வார். நடுவில் இன்னொரு பெயர்ச்சொல் காத்திருந்தால் பிரிக்காதீர்கள்: 'எ பம்ப் தட் லீக்டு வாஸ் டெலிவர்டு டு தி ஹவுஸ்'.

திருவாரூர் வாசகர்: 'ஸ்விட்ச் ஆஃப் இட்' என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. 'ஸ்விட்ச் இட் ஆஃப்'தான். 'மோட்டார்' என்றால் 'ஆஃப்' முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'இட்' போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்.

மயிலாடுதுறைத் தந்தை: 'நான் குளித்த வாய்க்கால்' என்பதை என் மகள் 'தி கெனால் ஐ பேத்டு' என்று எழுதினாள். 'இன்' சேர்க்கச் சொன்னேன். வாக்கியத்தின் கடைசியில் அது வரக்கூடாது என்கிறாள்.

பதில்: நீங்கள் சொன்னதே சரி. 'வாய்க்காலில் குளித்தேன்' என்பது பெயரெச்சமாகும்போது நம் 'இல்' உருபு அடியோடு மறைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் 'இன்' என்பதை விட்டுவிடுகிறார்கள். இது அறியாமை இல்லை, தாய்மொழியின் தடம். அதற்காகக் குழந்தையைத் திட்டாதீர்கள். ஆங்கிலத்தில் பெயர் முன்னால் போனாலும் 'இன்' தங்கியே ஆக வேண்டும்: 'தி கெனால் ஐ பேத்டு இன்'. கடைசியில் வரக்கூடாது என்ற தடை பழையது. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகக் காட்டினார். பிற்காலப் பாடநூல்கள் அதை விதியாக்கிவிட்டன. மகளுக்கு அது பிடிக்காவிட்டால் 'தி கெனால் இன் விச் ஐ பேத்டு' என்று எழுதட்டும். இரண்டிலும் 'இன்' இருக்கிறது பாருங்கள்.