சாராயத்தை வாங்குவது மாநில அரசு. தரகருக்கு எதற்குக் கமிஷன்?

கேள்வி: இலங்கையில் தென்னஞ்சாராயம் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியா, பென்சில்வேனியா அரசு மதுக்கடைகளில் எங்கள் சரக்கை ஏற்றித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். ஐந்து வருடத்துக்குத் தன்னைத் தவிர வேறு தரகரை வைக்கக்கூடாது என்கிறார். கமிஷன் தவிர, ‘அதிகாரிகளைக் கவனிக்க’ முன்பணமும் வேண்டுமாம். கொடுக்கலாமா?
- ஏற்றுமதி மேலாளர், கொழும்பு

பதில்: அந்த முன்பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்குப் பெயர் லஞ்சம். அவர் அதைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டாலும், எதற்கென்று தெரிந்து பணம் அனுப்பியவர் என்று உங்கள் தலையும் உருளும். மின்னஞ்சலில் கேட்டிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள்.

ஆனால் தரகர் தொழிலே தப்பு என்று நினைக்க வேண்டாம். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபோது, மது விவகாரம் பெரும்பாலும் மாநிலங்களின் கைக்குப் போனது. இன்று 17 மாநிலங்களில் அரசே மொத்த வியாபாரி. நீங்கள் சொல்லும் இரண்டிலும் சில்லறைக் கடையும் அரசுடையதுதான். அங்கே தரகர் ஒரு பாட்டில்கூட வாங்கி விற்பதில்லை. உங்கள் ஆளாக நின்று, அரசுக் கடைகள் விற்கும் சரக்குப் பட்டியலில் உங்களுடையதைச் சேர்க்க விண்ணப்பம் போடுவார், விலை விவரம் கொடுப்பார், கடை கடையாக ஏறி இறங்குவார். பட்டியலில் ஏறியும் விற்பனை மந்தமானால், கடைகளை நடத்தும் மாநில மது வாரியம் தூக்கிவிடும். அப்படித் தூக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கமிஷன்.

ஒப்பந்தத்தில் பலர் கோட்டைவிடுவது கிடங்கு விஷயத்தில். இந்த மாநிலங்கள் பலவற்றில் சரக்கு அரசுக் கிடங்கில் இருந்தாலும், வாரியம் அதை வெளியே எடுக்கும்வரை சப்ளையருடைய சொத்துதான். விற்காவிட்டால் முடங்குவது உங்கள் தரப்புப் பணம். ஆகவே கிடங்குக்கு அனுப்பிய பெட்டிக்கு அல்ல, வாரியம் எடுத்துப் பணமும் கொடுத்த பெட்டிக்கே கமிஷன் என்று எழுதுங்கள்.

ஐந்து வருடம் ரொம்ப அதிகம். ஒரு மாநிலத்துக்கு ஒரு வருடம், குறைந்தபட்ச விற்பனை இவ்வளவு, எட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. இது போதும்.

அப்புறம், தரகர் இருந்தால் இறக்குமதியாளர் வேண்டாம் என்று ஆகாது. அமெரிக்க மத்திய அரசின் உரிமம் பெற்ற இறக்குமதியாளர் தனியாக வேண்டும். லேபிளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், உடல்நல எச்சரிக்கை வாசகமும் அதில் இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் இரு மாநில வாரியங்களுக்கும் நேரடியாக எழுதி, இவருக்குப் பதிவு தேவையா, பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். வேறு சாராய பிராண்டு ஏதும் அவர் கையில் இருக்கிறதா என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.