டி-8 அமைப்பால் பயன் உண்டா?

கேள்வி: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வளரும் நாடுகளின் ‘டி-8’ கூட்டமைப்பு எப்படி உருவானது? அதனால் பயன் உண்டா?

பதில்: துருக்கிப் பிரதமர் நெஜ்மெத்தின் எர்பகானின் முயற்சியால், வங்கதேசம், எகிப்து, இந்தோனேசியா, ஈரான், மலேசியா, நைஜீரியா, பாகிஸ்தான், துருக்கி ஆகிய எட்டு நாடுகள், தமக்குள் வணிகத்தைப் பெருக்கிக்கொள்ளும் நோக்குடன் 1997 ஜூன் 15 அன்று இஸ்தான்புல்லில் இதைத் தொடங்கின. (இராணுவத்தின் நெருக்குதலால் எர்பகான் மூன்றே நாள்களில் பதவி விலக நேர்ந்தது தனிக்கதை.) 2024 டிசம்பரில் அஜர்பைஜானும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

2006இல் பாலியில் கையெழுத்தான முன்னுரிமை வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே 2011 ஆகிவிட்டது. ஒப்பந்தம் சுங்கவரியைக் குறைக்கலாம். ஆனால் உறுப்பு நாடுகள் மேற்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை சிதறிக் கிடப்பதால் கூடும் கப்பல் கட்டணத்தையும், பொருளாதாரத் தடைகளால் ஈரானுடனான வங்கிப் பரிமாற்றத்துக்கு ஏற்பட்டுள்ள முட்டுக்கட்டையையும் அதனால் நீக்க இயலாது என்பதால், பயன் இதுவரை சொற்பமே என்று கருதுகிறேன்.