ஜீப்ரா கோட்டில் கார் நிற்காததற்கு வேகத்தடையா?

வேகத்தடை அப்புறம். மலேசியாவின் பினாங்கிலுள்ள நிபோங் திபால் கடைத்தெருவில் கோடு போட்டும் கார்கள் நிற்பதில்லை, வேகத்தடை கேட்டு மனு எழுதப்போகிறோம் என்கிறீர்கள். முதலில் கோட்டை ஒட்டிய பார்க்கிங் இடங்களை எடுக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கடக்க நிற்கும் ஆளே ஓட்டுநர் கண்ணில் படுவதில்லை. ஓரத்தில் ஒரு வேன் நின்றால் போதும், பள்ளிப் பிள்ளை முழுசாக மறைந்துவிடும். அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், கடைக்காரர் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் இன்னும் மோசம்; நடப்பவர் ரோட்டில் இறங்கி, அந்த வேனுக்குப் பின்னாலிருந்துதான் எட்டிப்பார்ப்பார்.

பள்ளி விடும் நேரத்தில் பிள்ளை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். வருகிற ஓட்டுநரின் முகம் தெரியவில்லையா, அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அதையே படமெடுத்து மனுவோடு வையுங்கள். முகம் தெரிந்தும் நிற்கவில்லை என்றால், சரி, வேகத்தடை கேளுங்கள்.

ஆனால் அது யார் சாலை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கூட்டரசுச் சாலை என்றால் ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை. உள்ளூர்த் தெரு என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம்.