இளநிலையில் இருக்கும்போதே முதுநிலை வகுப்பு எடுக்கலாமா?

கேள்வி: கணிதத்தில் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எல்லை, தொடர்ச்சி, தொகையீடு எல்லாவற்றையும் நிரூபணத்தோடு படிக்கும் ரியல் அனாலிசிஸ் பாடத்தில் இரண்டு செமஸ்டரிலும் முதல் கிரேடு. அடுத்த செமஸ்டரில் முதுநிலை மாணவர்களுக்கான மெஷர் தியரி (நீளம், பரப்பு போன்ற அளவுகளையும் தொகையீட்டையும் பொதுமைப்படுத்தும் பாடம்) வகுப்பில் சேர அனுமதி தருவதாகப் பேராசிரியர் சொல்கிறார். பிஎச்.டி. சேர்க்கைக்கு இது பெரிய பலம் என்கிறார்கள் சீனியர்கள். கிரேடு இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பயமாகவும் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் உங்கள் பழைய கிரேடை வைத்தோ, சீனியர்கள் சொல்வதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். பரீட்சைக்குப் படித்து முதல் கிரேடு வாங்கிய பாடம் ஆறு மாதத்தில் பாதி மறந்துபோயிருக்கும். முதுநிலை வகுப்பு அந்தப் பாடம் கைவசம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்கும்.

உங்கள் விஷயத்திலேயே சோதித்துப் பாருங்கள். எக்ஸ், எக்ஸ் வர்க்கம், எக்ஸ் கனம் என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும் சார்புகளை 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தொடர்ச்சியான சார்பு. ஆனால் அடுக்கு முடிவில்லாமல் ஏறும்போது அவை நெருங்கும் எல்லைச் சார்பு அப்படியில்லை. 1-க்கு முன்புவரை 0, 1-இல் மட்டும் 1. ஏன் இப்படி ஆனது, எந்த நிபந்தனை இருந்திருந்தால் ஆகியிருக்காது என்று பழைய நோட்டைத் திறக்காமல் எழுத முடிகிறதா? அடுத்த படி: இந்தச் சார்புகளின் 0 முதல் 1 வரையிலான தொகையீடுகள் (இன்டக்ரல்) 0-ஐ நோக்கிப் போகின்றன, எல்லைச் சார்பின் தொகையீடும் 0. சரி, பொருந்துகிறது. இப்போது ஒவ்வொரு சார்பையும் அதன் அடுக்கு எண்ணால் பெருக்குங்கள். 1-க்கு முன்னால் எந்தப் புள்ளியை எடுத்தாலும் எல்லை இன்னமும் 0-தான். தொகையீடுகளோ 1-ஐ நோக்கிப் போகின்றன!

எல்லையையும் தொகையீட்டையும் எப்போது இடம் மாற்றலாம் என்பது மெஷர் தியரியின் முக்கியமான கேள்விகளில் ஒன்று. மேலே சொன்னதை நீங்களே நிரூபிக்க முடிந்து, அது ஏன் அப்படி என்ற கேள்வி உங்களைத் தொந்தரவும் செய்தால், நீங்கள் தயார். நிரூபிக்கவே திணறினால் ஒரு விடுமுறை முழுக்க ரியல் அனாலிசிஸை மறுபடி படித்துவிட்டு அடுத்த முறை சேருங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், பேராசிரியரிடம் போன ஆண்டின் முதல் இரண்டு ஹோம்வொர்க்கைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். பாதியாவது உங்கள் சொந்த முயற்சியில் வர வேண்டும்.

அப்புறம், வகுப்பின் நடை வேறு மாதிரி இருக்கும். இளநிலையில் மூன்று வகுப்பில் நடத்துவதை அங்கே ஒன்றில் முடிப்பார்கள். 'இது எளிது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று கரும்பலகையில் விட்டுவிட்டுப் போகும் ஒரு வரி உங்கள் மாலைப் பொழுதை முழுசாக விழுங்கிவிடும். கூடப் படிப்பவர்களுக்கு அந்த செமஸ்டரில் இரண்டோ மூன்றோ பாடம்தான் இருக்கும். உங்களுக்கு ஐந்து இருந்தால் கணக்கு உதைக்கும். அதனால் ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு முதுநிலை வகுப்பு, கூடவே மற்ற பாடச்சுமையில் ஒன்றைக் குறைப்பது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எதைக் குறைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நல்ல மாணவர்கள் தடுக்கி விழுவதை நான் அதிகம் பார்ப்பது இங்கேதான். இளநிலை அல்ஜீப்ராவையும் டோபாலஜியையும் தொடாமலே முதுநிலைக்குத் தாவிவிடுகிறார்கள். அடித்தளப் பாடங்களில் ஓட்டை இருந்தால் பின்னால் யாரும் உட்கார்ந்து அடைத்துத் தர மாட்டார்கள். உங்களுக்கு அவற்றில் ஏதாவது பாக்கி இருந்தால் மெஷர் தியரி காத்திருக்கட்டும்.

கிரேடு பயத்துக்கு வருவோம். பல துறைகளில் முதுநிலை மாணவர்கள் பி கிரேடுக்குக் கீழே போனால் அவர்கள் நிலையே சிக்கலாகும் என்பதால், அந்த வகுப்புகளில் கிரேடு பெரும்பாலும் ஏ-க்கும் பி-க்கும் நடுவில்தான் விழும். இது ஆறுதல்தான், ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. அங்கே வாங்கும் சி, சாதாரண வகுப்பில் வாங்கும் சி-யைவிட மோசமாகப் படிக்கப்படும். பாடத்தை விட்டு விலகுவதற்கான கடைசித் தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள். அதற்குள் குறைந்தது இரண்டு ஹோம்வொர்க்காவது திருத்தப்பட்டுக் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். வராது என்றால், ஆடிட் செய்யலாம், அதாவது கிரேடு இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் ஆடிட் செய்பவர்கள் ஹோம்வொர்க் போடுவதை நிறுத்திவிடுவார்கள், போடாவிட்டால் கற்றுக்கொண்டதாகாது.

பிஎச்.டி. சேர்க்கை பற்றிச் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கிரேடு பட்டியலில், ஒரு வரி கூடுவதைவிட, அந்தப் பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத்தான் கனம் அதிகம். முதலாண்டு ஆராய்ச்சி மாணவர்களோடு ஒப்பிட்டு உங்களைப் பற்றி எழுத அவரால் முடியும். கடைசி பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்து ஏ வாங்கினால் அவரிடம் எழுத ஒன்றும் இருக்காது. சந்தேகத்தோடு அவர் அறைக்குப் போங்கள், நிரூபணத்தில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று பேசுங்கள். காலமும் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் முடிந்துவிடும். இறுதியாண்டின் கடைசி செமஸ்டரில் எடுக்கும் வகுப்பு, சேர்க்கைக்குப் பயன்படவே படாது. நான்காண்டு இளநிலைப் படிப்பு என்றால், நீங்கள் மூன்றாம் ஆண்டில் கேட்பது சரியான நேரம்.

விதிமுறைகளைத் துறை அலுவலகத்தில் மின்னஞ்சல் மூலம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த வகுப்பு இளநிலைப் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேருமா? பின்னால் முதுநிலையில் சேர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டியிருக்குமா? ஒரே கிரெடிட்டை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுப்பதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. கட்டணம் வேறுபடுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம்.

வேறு துறையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் செமினார் வகையிலான முதுநிலை வகுப்புகள், கணிதத்தைப் போல அடுக்கடுக்கான முன்பாடங்களைக் கேட்பதில்லை. அவற்றில் ஆர்வமும் வாசிப்பு நேரமும் இருந்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

உங்கள் பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். இதுவரை எடுத்த பாடங்கள், ரியல் அனாலிசிஸில் எதுவரை நடத்தினார்கள், அடுத்த செமஸ்டரில் வேறு என்னென்ன எடுக்கிறீர்கள் என்று மூன்று வரி போதும். பழைய ஹோம்வொர்க்கையும் அதிலேயே கேளுங்கள். போட்டுப் பார்த்த விடைகளை அவரிடமே காட்டுங்கள். உங்கள் நிரூபணத்தைப் படித்துவிட்டு அவர் சொல்லும் கருத்து, என் பதிலைவிட நம்பகமானது.