தொலைக்காட்சிச் சண்டையும் நான்கு வயது மகனும்

உங்கள் நான்கு வயது மகன் சண்டைக் கார்ட்டூன் பார்த்துவிட்டு தங்கையை உதைக்கிறான், 'கடைசியில் கெட்டவன்தானே அடிவாங்குகிறான், அதனால் தப்பில்லை' என்று உங்கள் கணவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய வாதத்துக்கு 1965-லேயே ஒரு பதில் இருக்கிறது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் படம் காட்டினார். அதில் ஒரு பெரியவர், தள்ளினால் எழுந்து நிற்கும் காற்றுப் பொம்மையைப் போட்டு அடிக்கிறார். அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த குழந்தைகள், மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் அதேபோல் செய்தார்கள். சரி, உங்கள் கணவர் சொல்வது போலத்தானே? ஆனால், 'பார்த்ததைச் செய்து காட்டினால் ஜூஸும் ஸ்டிக்கரும் தருகிறோம்' என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். தண்டனை கையை மட்டும்தான் கட்டியது. அடிக்கும் வித்தை ஏற்கெனவே மனதில் ஏறிவிட்டிருந்தது. அதிலும் கார்ட்டூனில் நாயகன் அடித்தால் கைத்தட்டல்தானே!

இதற்காக உங்கள் பையன் ரௌடி ஆகிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். பொம்மையை அடிப்பது வேறு, ஆளை அடிப்பது வேறு என்று அந்த ஆய்வை விமர்சித்தவர்களும் உண்டு. தூக்கம், பசி, தங்கை மேல் பொறாமை எல்லாமே இதில் சேரும்.

இப்போதைக்குச் சண்டைக் கார்ட்டூனை நிறுத்துங்கள். மற்றதைப் பார்க்கும்போதும் பக்கத்தில் உட்காருங்கள். யாராவது அடிவாங்கினால், 'அவனுக்கு எப்படி வலித்திருக்கும்?' என்று கேளுங்கள். தங்கையை உதைத்தால் உடனே பிரித்துவிடுங்கள், திருப்பி அடிக்காதீர்கள். சில வாரங்களில் குறையவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.