பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்: தூசியும் ஈரமும் செய்யும் வேலை

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்றால், ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் மின்னேற்றிய மெல்லிய பிலிம் அதிர்ந்து சத்தம் தருவது; இந்த அடுக்கைத்தான் பேனல் என்கிறோம். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கேட்டவை இவை. முதலிலேயே ஒன்று: உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது. பின்பக்க மூடியை யாரும் சும்மா கழற்றிப் பார்க்க வேண்டாம்.

மார்ட்டின் லோகன் கம்பெனியின் பழைய ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன். ஓட்டைத் தகட்டில் தூசி அப்பியிருக்கிறது. வேக்யூம் போட்டால் உள்ளே இருக்கும் பிலிம் கிழியாதா? (டொராண்டோ)

கிழியாது. இரண்டு தகடுகளுக்கு நடுவில்தான் பிலிம் இருக்கிறது. பிரஷ் அதைத் தொடாது. ஆனால் மின்னேற்றம் இருக்கும்வரை தூசி விடாது. பிளக்கைப் பிடுங்கிக் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. பிறகு மென்மையான பிரஷ் முனையை மாட்டி, முன்னும் பின்னும் மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், பஞ்சு மாதிரி அடைந்திருப்பது அங்கேதான். ஈரத்துணி, ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

பேனலைக் கழற்றி ஷவரில் கழுவலாம் என்கிறார்களே?

மார்ட்டின் லோகன் பேனலை அப்படிக் கழுவி உயிர்ப்பித்தவர்கள் உண்டு. எப்படியும் புதுப் பேனல் வாங்கப்போகிறோம் என்ற நிலையில் மட்டும் செய்து பாருங்கள். நன்றாகக் காய நாள்கணக்கில் விட வேண்டும். குவாட் கம்பெனி ஸ்பீக்கரில் இந்த விளையாட்டே கூடாது.

குவாட் ஈ.எஸ்.எல்.-63. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் பாட்டே போடாதபோதுகூட 'டிக்... டிக்' என்கிறது. வெயில் அடித்தால் தானாக நின்றுவிடுகிறது. (சென்னை)

வெயிலில் நிற்கிறது என்பதே நல்ல செய்தி. காய்ந்த தூசியால் பெரிய தொல்லை இல்லை. அதே தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் மின்சாரம் கசிய வழி கிடைத்துவிடுகிறது. பிலிமில் நிற்க வேண்டிய 5,000 வோல்ட்டுக்கு மேலான மின்னழுத்தம் அந்த வழியாக இறங்கும்போது கேட்பதுதான் அந்த 'டிக்'. அறையில் ஏசியையோ டீஹியூமிடிஃபையரையோ இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் பேனலுக்கு ஆபத்தில்லை. மழைக்காலம் முழுக்க அறையை உலர்வாக வைத்தால் போதும்.

உலர்ந்த அறையிலும் தொடர்ந்தால் கதை வேறு. இந்த மாடலில் ஓட்டைத் தகடுகளைப் பிளாஸ்டிக் சட்டத்தோடு பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். வயதானால் பசை விட்டுப்போய்த் தகடு உப்பும், இடைவெளி குறையும், பொறி தாவும். எந்தப் பேனல் என்று கண்டுபிடிக்க நீளமான அட்டைக்குழாய் ஒன்றைக் காதில் வைத்து, கிரில்லைத் தொடாமல் மேலிருந்து கீழே கொண்டுபோங்கள். மொத்தம் நான்கு பேனல்: மேலும் கீழும் பேஸ், நடுவில் இரண்டும் வளையம் வளையமாகப் பிரித்தவை. சத்தம் ஓரிடத்தில் சட்டென்று கூடும். அதைக் குறித்து டெக்னீஷியனிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இதில் வேக்யூமை ஓங்கிப் பிடிக்காதீர்கள். கிரில்லுக்கு உள்ளே தூசி மறைப்பாக மெல்லிய வேறொரு பிலிம் இருக்கிறது. பழசாகிவிட்டால் உறிஞ்சும் வேகத்திலேயே கிழியும். அதன்பின் தூசி நேராகப் பேனலுக்குப் போகும்.

1960களின் குவாட் ஈ.எஸ்.எல். ஜோடி (63க்கு முந்தைய மாடல்). இடது பக்கம் சத்தம் குறைவு. பேனலை மாற்ற வேண்டுமா? (லண்டன்)

அவசரப்படாதீர்கள். முதலில் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இடது, வலது வயர்களை மாற்றிப் போடுங்கள். மங்கல் வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் குற்றம் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. இடதிலேயே நின்றால், ஆன் செய்தவுடன் எப்படி, சில மணி நேரம் கழித்து எப்படி என்று கேளுங்கள். நேரம் ஆக ஆக ஏறினால் உயர்மின்னழுத்தப் பகுதிதான் சோர்ந்திருக்கிறது; பேஸுக்கு 6,000, ட்ரெபிளுக்கு 1,500 வோல்ட் தர வேண்டியது அது. பேனலை மாற்றுவதைவிட இது சின்ன வேலை. சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளக்காதீர்கள்: உங்களுக்கும் ஆபத்து, மீட்டரே மின்னழுத்தத்தை இழுத்துவிடுவதால் காட்டும் எண்ணும் பொய். இதற்கென்று தனி புரோப் இருக்கிறது.

எந்த ஆம்ப் என்று நீங்கள் எழுதவில்லை. 1957இல் குவாடை நிறுவிய பீட்டர் வாக்கர் இதை வெளியிட்டபோது கூட இருந்தது 15 வாட் வால்வு ஆம்ப். ஆம்ப்பிலிருந்து வருவது 33 வோல்ட் உச்சத்துக்கு மேல் போனால் ட்ரெபிள் பேனலில் பொறி தாவி ஓட்டை விழும். நூறு வாட் ஆம்ப்போடு இதை விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எப்போதும் பிளக்கில் இருக்கலாமா?

தினமும் கேட்பவர் என்றால் இருக்கட்டும், மின்செலவு அற்பம். வாரத்துக்கு ஒருநாள் என்றால் பிடுங்கிவிடுங்கள், தூசி குறையும். இடி மின்னல் என்றால் கட்டாயம் பிடுங்க வேண்டும்.

வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

முந்தின நாளே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். போய், ஆன் செய்து, மோனோவில் ஒரு குரலைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். துணி உறையில் பூனை நகம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஜோடி என்றால் பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கும்; நம் 230இல் செருகும்முன் அதைப் படித்துவிடுங்கள்.