பிளாக்செயின் நிரலாக்கம்: தொடங்குவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: மூன்று மாதமாகக் காணொளிகளைப் பார்த்து, ஈத்தீரியம் என்ற பிளாக்செயினுக்கான நிரல்மொழியான சாலிடிட்டியைக் கற்கிறேன். ஆனாலும் வெற்றுக் கோப்பைத் திறந்தால் கை ஓடவில்லை. தன்னம்பிக்கை எப்படி வரும்?

பதில்: பிறர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வராது. உலாவியிலேயே இயங்கும் ரீமிக்ஸ் என்ற நிரல் எழுதும் கருவியைத் திறந்து, ஈத்தீரியத்தின் நாணயமான ஈத்தரைப் போடவும் எடுக்கவும் மட்டும் தெரிந்த சிறிய வங்கி கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் இயங்கும் நிரல்) ஒன்றை எழுதுங்கள். எடுக்கும் ஃபங்ஷனில் முதலில் பணத்தை அனுப்பி, அதன் பிறகே கணக்கு இருப்பைப் பூஜ்யமாக்குமாறு வேண்டுமென்றே தவறாக எழுதுங்கள். அடுத்து, பணம் வந்து சேரும்போதெல்லாம் வங்கியை மறுபடியும் அழைக்கும் இன்னொரு கான்ட்ராக்டை எழுதுங்கள். வங்கி காலியானதும் அந்த அழைப்பு நிற்க வேண்டும். இல்லையேல் கடைசி அழைப்பு தோற்று, மொத்தப் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடும். (நான் அரை நாள் திணறிய இடம் இது.) ஒரு ஈத்தர் போட்டவர், பிறர் போட்ட பத்தையும் அள்ளிச் செல்வதை அப்போது கண்ணால் காண்பீர்கள். அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் திருட்டு நின்றுவிடும். 2016 ஜூனில் 'தி டாவோ' என்ற முதலீட்டு நிதிக் கான்ட்ராக்டிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தர் வெளியேறியது இதே வகைப் பிழையால்தான்.

கேள்வி: உயர்கணிதம் தேவையா?

பதில்: கான்ட்ராக்ட் எழுதத் தேவையில்லை. முழு எண் மாறிகளில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 மட்டுமே கிடைக்கும் என்பதை மறவாதிருந்தால் போதும்.

கேள்வி: எதில் பயிற்சி செய்வது?

பதில்: செபோலியா டெஸ்ட்நெட்டில், அதாவது மதிப்பில்லாத ஈத்தரால் சோதித்துப் பார்க்கும் வலையமைப்பில். பயிற்சிக்கெனத் தனி வாலட் (ஈத்தரைக் கையாளும் கணக்கு) வையுங்கள். அதைத் திறக்கும் ரகசியச் சாவியை நிரல் கோப்பில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: டாவோவில் நிரல் அனுமதித்ததைத்தானே ஈத்தரை எடுத்தவர் செய்தார்? ஜூலையில் பரிவர்த்தனைப் பதிவேடான சங்கிலியை இரண்டாகப் பிளந்து பணத்தை மீட்டதே தவறு.

பதில்: அவ்வாறு கருதியவர்கள்தாம் பழைய சங்கிலியை ஈத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். எனினும், எழுதியவர் எண்ணியதும் நிரல் செய்வதும் வேறானால், அந்தப் பிழையை ஒப்பந்தம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் பாரிட்டி வாலட்டுகளுக்கு ஏன் அச்சலுகை இல்லை?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டுகள் நம்பியிருந்த பொது கான்ட்ராக்டை ஒருவர் அழித்துவிட, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் முடங்கியது. அதை மீட்கும் யோசனை நிறைவேறவில்லை. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடங்குவோர் பிந்தையதை நினைவில் கொள்வதே நல்லது, ஏனெனில் உங்கள் பிழைக்காக எவரும் சங்கிலியைப் பிளக்க மாட்டார்கள்.

கேள்வி: எந்தக் காயினை வாங்கலாம்?

பதில்: நிரலாக்கக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: ஒரு மாறியைப் பிரைவேட் என்று அறிவித்தால் அதிலுள்ள கடவுச்சொல் மறைந்துவிடுமா?

பதில்: மறையாது. மற்ற கான்ட்ராக்டுகள் நேரடியாகப் படிக்க முடியாது, அவ்வளவுதான். மனிதர் எவரும் சேமிப்பிடத்தைப் படித்துவிடலாம். ரகசியச் சாவியையும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: நானும் காணொளிகள் பார்க்கிறேன், நம்பிக்கை வரவில்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். படித்துவிட்டீர்கள் எனில், தாக்கும் கான்ட்ராக்டின் எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.